மாப்பிள்ளை மரம்

சோனகந்துறையில் வீடு மாறுவது ஆண்களின் வேலை. பெண்ணானவள் பிறந்த வீட்டிலேயே வளர்ந்து, பிறந்த வீட்டிலேயே நிக்காஹ் ஆகி, பிறந்த வீட்டிலேயே பிள்ளை பெற்று, கடைசியில் அதே வாசல் வழியாகக் கபர்ஸ்தானுக்குப் போவாள். ஆணோ நிக்காஹ் முடிந்த கையோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கிற பெண்டாட்டி வீட்டுக்குப் போய், அங்கே நாற்காலி சூடாவதற்குள் விமானம் ஏறி அரபு நாட்டுக்குப் போய், பிறகு சாகிறவரைக்கும் வருவதும் போவதுமாக இருப்பான். இந்த வழக்கம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் ஊரில் எல்லோரிடமும் ஒரு பதில் உண்டு, ஒருத்தர் பதில் இன்னொருத்தர் பதிலோடு ஒத்துப்போகாது. ஆகவே, சதக்கத்துல்லாவின் நிக்காஹ் முடிந்த மறுநாள் காலையில், அவன் உம்மா வீட்டுக் கொல்லையில் நின்ற வாதாமரம் அவன் பெண்டாட்டி வீட்டுக் கொல்லையில், கிணற்றுக்கும் துவைகல்லுக்கும் நடுவில் நின்றபோது, அதை விளங்கிக்கொள்ள ஊர் ரொம்பச் சிரமப்படவில்லை. மரம் மாப்பிள்ளையோடு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடையில் நிறுத்து விற்கிற பாதாம் காய்க்கும் மரமல்ல அது. அந்த மரம் நம் மண்ணில் பிழைக்காது. இது கடற்கரை ஊர்களில் தானாக முளைத்து, குடைமேல் குடை விரித்த மாதிரி அடுக்கடுக்காகக் கிளை விட்டு, வருஷத்தில் இரண்டு தடவை இலை முழுவதும் செக்கச்செவேலென்று பழுத்துக் கொட்டி, பெருக்குகிறவளின் இடுப்பை ஒடிக்கிற நாட்டு வாதா. பழத்தின் சதையைப் பிள்ளைகள் சப்பித் துப்புவார்கள், மிச்சம் வௌவாலுக்கு. நார்க்கொட்டையைக் காயவைத்து, கல்லில் நிறுத்தி, சரியான இடத்தில் தட்டினால் விரல்நுனி அளவுக்கு ஒரு பருப்பு கிடைக்கும். தப்பான இடத்தில் தட்டினால் விரல்நுனியே போகும். ஒரு கிண்ணம் அல்வாவுக்கு ஒரு பருவம் முழுக்கத் தட்ட வேண்டும். வேலை மெனக்கெட்டவர்கள் தின்கிற பண்டம் என்று ஊரில் அதற்குப் பெயர்.

பெண் ருக்கியாவின் உம்மா ஜெய்னம்பு முதலில் கொஞ்சம் மிரண்டாள், மரத்தைக் கண்டல்ல, ஊர் வாயை நினைத்து. சோனகந்துறையில் மாப்பிள்ளையை வாசலில் நிறுத்தி, ஒரு குவளை பாதாம்பால் கொடுத்து, "இது உங்க வீடு, உள்ள வாங்கோ" என்று நாலு பேர் கேட்கச் சொன்ன பிறகுதான் அவன் அந்த வீட்டு ஆள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற மரத்தை என்ன செய்வது? ஜெய்னம்பு யோசித்து, கல்யாணத்தில் மிஞ்சிய பாலில் ஒரு குவளையைச் சூடாக்கி அடிமரத்தில் ஊற்றி, "வந்தது வந்தாச்சு, இரிங்கோ" என்றாள். ஊர் திருப்திப்பட்டது. அந்த மரத்துக்கு முன்னால் பெண்கள் முக்காடு போட வேண்டுமா என்று சிலருக்குச் சந்தேகம் வந்தது. பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டார்கள். அவர், "மரத்துக்கு முன்னால வெக்கப்பட வேண்டியவன் மரம் வெட்டுறவன் ஒருத்தன்தான்" என்று சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டார். அந்த வருஷம் கல்யாணம் பேசிய வீடுகளிலெல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள், "ருக்கியா மாப்பிள்ள மரமே கொண்டு வந்தாஹ, உங்க மொவன் ஒரு முருங்கக் கம்பாச்சும் கொண்டு வருவாஹளா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சதக்கத்துல்லாவின் உம்மா வீட்டு மதிலோரம் மரநிழலில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்கார இசக்கி, கரிப்பெட்டியை அணைக்காமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு நிழல் போன தெருவுக்குப் போனான். மீன்காரிகள் மீன் பொதிய அங்கே போய் இலை பொறுக்கினார்கள். வௌவால்களும் விலாசம் மாற்றிக்கொண்டன.

மரம் இருந்த இடத்துப் பள்ளத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

அந்தப் பள்ளத்தின் கரையில் நின்றுகொண்டிருந்தவள் சதக்கின் உம்மா மைமூன் நாச்சி. புருஷன் மௌத்தாகி வெகுகாலம். பெண்பிள்ளை பிறக்கவில்லை, ஒரே மகன். பெண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு அந்த ஊரில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: மாப்பிள்ளை வரமாட்டான், பிள்ளைச் சத்தம் வராது, இருக்கிற பையனும் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். இதெல்லாம் நாச்சிக்கும் தெரிந்ததுதான். அவளே சந்தோஷமாகப் பெண் பார்த்து, அவளே பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள். ஆனால் நிக்காஹ் ராத்திரி வெறும் வீட்டில் படுத்தவளுக்கு, முரட்டுத் தலையணையில் படுத்தால் அவனுக்குக் கழுத்துப் பிடிக்கும் என்று அவர்களிடம் சொல்லவில்லையே என்று ஒரு நினைப்பு. எண்ணெய்ப் பணியாரம் தின்றால் இருமுவான் என்று சொல்லவில்லையே என்று ஒரு நினைப்பு. இப்படியே நினைப்பு இரண்டு தெருவைத் தாண்டிப் போய் அந்த வீட்டுக் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தபோது பாங்கு சொல்லிவிட்டார்கள். எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தாள். வானம் தெரிந்தது. அவ்வளவு வானத்தை அந்தக் கொல்லையில் அவள் பார்த்ததே இல்லை.

"பெத்ததும் போச்சு, வச்சதும் போச்சு" என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்க ஆளில்லை.

மாப்பிள்ளையின் உம்மா சம்பந்தி வீட்டுக்கு அழைக்காமல் போகக் கூடாது என்பது அந்த ஊரின் இன்னொரு சட்டம். பெருநாளைக்கு அழைப்பார்கள், பிள்ளை பிறந்தால் அழைப்பார்கள். நடுவில் போனால், "மொவன விட்டுட்டு இரிக்க மாட்டாம வந்துட்டாஹ" என்பார்கள். சோனகந்துறையில் ஒரு பெண்ணைப் பற்றி அதைவிடக் கேவலமாக எதுவும் சொல்ல முடியாது. நாச்சி அழையா விருந்தாளியாகப் போகிறவள் அல்ல. ஆனால் அவள் மரத்தின் இலை அடுத்தவர் வீட்டில் குப்பையாகக் கிடக்கலாமா? அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் அந்தத் தெருவுக்குப் போனாள். வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, மதிலுக்கு வெளியே முடுக்கில் விழுந்த இலைகளை மட்டும் பெருக்கினாள். ஒன்றும் விழாத நாளில் வெறும் தரையைப் பெருக்கினாள். உள்ளேயிருந்து மகனுடைய இருமல் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்கியது.

சதக்கு விமானம் ஏறிப் போன பிறகும் அவள் பெருக்கப் போனாள். கேட்கிறதற்கு இருமல் இல்லை. மருமகள் ருக்கியா ஜன்னல் வழியாக, "மாமி, உள்ள வாங்கோ, டீ குடிச்சுட்டுப் போங்கோ" என்பாள். "இரிக்கட்டும்மா, இன்னொரு நாளைக்கு" என்பாள் நாச்சி. பின்னால் ஜெய்னம்புவின் தலை தெரியும். அவள் முகத்தில் நாச்சிக்கு எந்த அழைப்பும் தென்பட்டதில்லை.

ஊருக்கு யாராவது வரும்போது சதக்கு அங்கேயிருந்து பாதாம் கொடுத்துவிடுவான், பெண்டாட்டிக்கு ஒரு பை, உம்மாவுக்கு ஒரு பை. ருக்கியாவுக்கு மசக்கை வந்த பிறகு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தோலை உரித்துத் தின்றாள், பிள்ளைக்கு மூளை நன்றாக இருக்கும் என்று. மிச்சத்தை ஜெய்னம்பு பாலில் அரைத்தாள். அதற்கும் மிச்சத்தை எண்ணெய் பிழிந்து, வரப்போகிற பிள்ளைக்கு உடம்பு தேய்க்க என்று சீசாவில் ஊற்றி வைத்தாள். நாச்சி தன் பங்கைத் தின்னவே இல்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைத்து, எப்போதாவது குலுக்கிக் கேட்பாள். மகன் உழைத்த உழைப்பைப் பல்லால் கடிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு சதக்கின் போன் நின்றது. தினமும் பெண்டாட்டிக்கும் வெள்ளிக்கிழமைதோறும் உம்மாவுக்கும் பேசிக்கொண்டிருந்தவன், ஒரு வாரம் பேசவில்லை, மறு வாரம் பேசவில்லை, இங்கேயிருந்து அடித்தால் ஒரு அரபிப் பொம்பளை ஏதோ சொல்லிவிட்டு வைத்தாள். பதிவு செய்த குரல்தான் என்று எல்லோருக்கும் தெரியும், என்றாலும் ஜெய்னம்புவுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் மரம் கொல்லையைவிட்டு வெளியே வந்தது. ஒரு காலையில் பார்த்தால் மதிலுக்கு அந்தப்பக்கம், முடுக்கில், நாச்சி விளக்குமாற்றோடு நிற்கிற அதே இடத்தில் நின்றது. மதில் இடியவில்லை, ஒரு செங்கல் நகரவில்லை. கிணற்றுக்கும் துவைகல்லுக்கும் நடுவில் மட்டும் ஈரமாக ஒரு பள்ளம். முடுக்கில் கூட்டம் கூடிவிட்டது. நாச்சிக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. அவள் தெரு முனைக்கு நகர்ந்துகொண்டாள், போஸ்ட் கம்பத்தருகே நின்று அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் மரமும் போஸ்ட் கம்பத்தருகே நின்றது. தெரு முனையில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாமல், கேள்வி கேட்க ஆளில்லாத கடற்கரைக்குப் போய் உட்காரத் தொடங்கினாள். மரம் மீன் ஏலக்கூடத்தைத் தாண்டி, வலை காயப்போடும் மணலைத் தாண்டி, அலை வந்து வேரை நனைக்கிற இடத்தில் போய் நின்றது, கடலைப் பார்த்துத் திரும்பினாற்போல.

கிளை எல்லாப் பக்கமும்தான் இருந்தது. கடலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்று முதலில் சொன்னவள் ஜெய்னம்பு. அதன் பிறகு பார்த்தவர்களுக்கெல்லாம் அப்படியே தெரிந்தது.

பாருங்கள், ஒரு ஊருக்கு ஒரு புத்திதான் இருக்கும். வீடு மாறுவது ஆண்தான் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்த ஊர், மரம் நகர்ந்தால் வேறென்ன நினைக்கும்? மாப்பிள்ளை மனசு எங்கேயோ மரம் அங்கே. மாப்பிள்ளை மனசு பெண்டாட்டி வீட்டைவிட்டு இறங்கிவிட்டது, தெருவைத் தாண்டிவிட்டது, இப்போது கடலில் கால் வைத்திருக்கிறது. அக்கரையில் யாரோ ஒருத்தி வாசலில் குவளையோடு நிற்கிறாள். மீன் ஏலத்தில் இதைப் பேசினார்கள், ரேஷன் கடையில் பேசினார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சை மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் போட்டு, ஈரமணலில் கால் புதையப் புதைய வியாபாரம் பண்ணினார். சங்கடமெல்லாம் இசக்கிக்குத்தான். மணலில் வண்டிச் சக்கரம் உருளவில்லை.

"உம்மா, ஒங்க மரம் ஒரு எடத்துல நின்னா என்ன?" என்று நாச்சியிடம் கேட்டான். "மரத்துக்குப் பின்னால வண்டி தள்ளுறதே எனக்குப் பொழப்பாப் போச்சி. நேத்து ஒரு சட்டையில உப்புத்தண்ணி பட்டுப்போச்சி. ஏச்சு வாங்குறது நானு."

"எம்மரம் எஞ்சொல்லக் கேட்டா நான் ஏன் இங்க வந்து உக்காந்திரிக்கேன்?" என்றாள் நாச்சி.

அவள் அந்த மரத்தடியில் உட்கார்ந்து கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். கை சும்மா இருந்தால் கால் எழுந்து நடந்துவிடும் என்று பயம். அலை வரும்போது எழுந்து, போகும்போது உட்கார்ந்து, இப்படியே ஒரு பொழுதுக்கு ஒரு பிடி பருப்பு சேரும். அதை வாதா இலையில் பொதிந்து, வீடுவீடாகத் துணி கொடுக்கப் போகிற இசக்கி கையில் கொடுத்து, புள்ளத்தாச்சியிடம் சேர்த்துவிடச் சொல்வாள்.

ஒருநாள் சாயங்காலம் அந்தப் பொதி இலையைக் கையில் பிடித்துக்கொண்டு ருக்கியாவே வந்தாள், வயிறு தெரிய, மூச்சு வாங்க. மணலில் உட்காரச் சிரமப்பட்டு உட்கார்ந்தாள். டீக்கடைக்காரர் மரியாதைக்குப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு அப்பால் போனார்.

"சவுதிப் பாதாம அள்ளிக் கோழிக்குப் போட்டுட்டேன் மாமி," என்றாள். "நீங்க கொடுத்து உடுறதத்தான் திங்கிறேன்."

"ஏளா, அத ஏன் போட்டா? சத்துள்ள சாமான்லா அது? இதுல என்ன இரிக்கி, ருசி கம்மி, வேலை ஜாஸ்தி."

ருக்கியா ஒரு பருப்பை வாயில் போட்டு மென்றாள். பிறகு கேட்டாள்: "மாமி, உங்க மொவன உங்களுக்குத் தெரியும். அவுஹ மனசு எங்கள விட்டுப் போயிட்டா? ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்கோ. திங்கக்கிழமை அசர் தொழுகைக்குப் பொறவு ஜமாஅத்துல இருந்து எங்க வீட்டுக்கு வாராஹ. உம்மா எனக்குப் பிரிவு கேக்கணுங்கிறா. புள்ள பொறக்குறதுக்கு முன்னாலயே முடிச்சுடணுமாம். நான் இன்னும் சரின்னு சொல்லல. நீங்க ஒரு வார்த்த சொன்னா, நான் உம்மாட்ட முடியாதுன்னுடுவேன்."

எம்புள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல நாச்சி வாயெடுத்தாள். அப்போது ஓர் அலை வந்து வேரைக் கழுவிவிட்டுப் போனது. மரம் தண்ணீரில் நிற்கிறதைப் பார்த்தாள். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. தான் பெற்ற பிள்ளைமேல் தனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ருக்கியா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை மத்தியானம் நாச்சி வீட்டைப் பூட்டினாள். மகனை நாலு பேர் தராசில் வைத்து நிறுத்துப் பேசுவதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. மேலப்பாளையத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடலாம், எல்லாம் முடிந்த பிறகு வரலாம், அல்லது வராமலே இருந்துவிடலாம். ஒரு பையில் இரண்டு சேலை, இன்னொரு பையில் பாதாம் டப்பா. பஸ் ஸ்டாப்பில் கூரை பிய்ந்து போயிருந்தது, வெயில் உச்சந்தலையில் இறங்கியது, ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஊர்ப்பக்கம் திரும்பாமல், பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள்மேல் நிழல் விழுந்தது.

மேகம் என்று நினைத்தாள். பிறகு மடியில் ஒரு இலை விழுந்தது, பழுத்த சிவப்பு இலை. திரும்பிப் பார்த்தாள். வேரெல்லாம் மணலும் கிளிஞ்சலும் ஒட்டிக்கிடக்க, பாசி வழிய, பெஞ்சுக்குப் பின்னால் அவள் மரம் நின்றது.

நாச்சி எழுந்தாள். பைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போய் நின்றாள். மரம் ஒரு லாரி போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, ரோட்டைக் கடந்து வந்து அவள்மேல் நிழல் போட்டது. அவள் மறுபடி இந்தப்பக்கம் வந்தாள். அதுவும் வந்தது. வேரைத் தூக்கித் தூக்கி வைத்தது, சேலை நனையாமல் தண்ணீரில் நடக்கிறவளைப் போல. கொல்லையில் தண்ணீர் ஊற்றினாளே அந்தக் காலத்திலிருந்து இந்த மரம் எங்கே நின்றது, எப்போது நகர்ந்தது என்று ஒவ்வொன்றாக அவளுக்குப் புரிந்தது. கிணற்றடி, முடுக்கு, போஸ்ட் கம்பம், கடற்கரை. எல்லா இடத்துக்கும் முதலில் போனது யார்? நாச்சி நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். மகன் எங்கேயும் போகவில்லை. போனது இவள்.

பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறுதியளா உம்மா? மரத்த ஏத்த முடியாது, சொல்லிட்டேன்" என்றான். அவனும் அந்தப்பக்கத்து ஆள், மரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தான்.

ஏறினால் ஒரு தொல்லையும் இல்லை. மரம் மேலப்பாளையம் ரோட்டில் எங்கேயாவது நின்றுகொள்ளும், மாப்பிள்ளை மனசு ஊரைவிட்டே போய்விட்டது என்று ஜமாஅத்தில் தீர்ப்பாகிவிடும், அவள் மானமாக இருந்துகொள்ளலாம். திரும்பிப் போனால், ஊர் முன்னால் நின்று, வீடு தங்காதவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். கண்டக்டர் விசில் அடித்தான். நாச்சி பாதாம் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தாள்.

அந்த மரம் நடந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. நின்ற பிறகுதான் பார்த்திருந்தார்கள். அன்றைக்கு ஊரே பார்த்தது. முன்னால் முக்காடு போட்ட ஒரு பொம்பளை, பின்னால் இலை உதிர்த்துக்கொண்டு மரம். கரண்ட் கம்பி வந்த இடத்தில் மரம் கிளையைத் தாழ்த்திக்கொண்டது. ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டினார்கள். இசக்கி இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி, "அட, தார்ரோட்டுக்கே வந்துட்டு!" என்று சந்தோஷப்பட்டு வண்டியைக் கூடவே தள்ளிக்கொண்டு வந்தான்.

ருக்கியா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஜமாஅத்தார் உட்கார்ந்திருந்தார்கள்.

"மரம் எம்புள்ளைக்குப் பின்னால போவல," என்றாள் நாச்சி. "எனக்குப் பின்னால வந்திரிக்கி. அவன நிறுத்துப் பேசாதீங்கோ. வீடு தங்காதவ நான்தான். இந்த முடுக்குல வந்து நின்னதும் நான்தான், கடற்கரையில போய் உக்காந்ததும் நான்தான். நம்பாட்டிப் பாத்துக்கோங்கோ." சொல்லிவிட்டு அந்தத் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து காட்டினாள். மரமும் நடந்தது. திரும்பி வந்தாள். திரும்பி வந்தது. வயசான ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெண் தன் வெட்கத்தை அப்படித் தெருவில் விரித்துக் காட்டுவதைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

ஜெய்னம்பு மட்டும் விடவில்லை. "அப்ப அவுஹ ஏன் பேசல? போன எடுக்கலியே?"

"அது எனக்குத் தெரியாது," என்றாள் நாச்சி. "தெரியாதத மரத்துமேல போடாதீங்கோ."

ருக்கியா உள்ளே போனாள். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்டது. நாச்சி வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ருக்கியா திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு குவளை இருந்தது, அதில் பால் இருந்தது, பாலில் அரைத்துக் கலந்திருந்தது இசக்கி கொடுத்துவிட்டுப் போன அன்றைய பொதியின் நாட்டுப் பருப்பு. அவள் வாசற்படியில் நின்று, குவளையை இரண்டு கையாலும் நீட்டி, நாலு பேர் கேட்கச் சொன்னாள்: "மாமி, இது உங்க வீடு. உள்ள வாங்கோ."

"ஏளா, என்ன செய்யிறா?" என்று பதறினாள் ஜெய்னம்பு. "ஊர்ல இல்லாத வழக்கம்!"

"மரம் நடக்குறது மட்டும் ஊர்ல இருந்த வழக்கமா உம்மா?" என்றாள் ருக்கியா.

ஜமாஅத்தார் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். நாச்சி பாலைக் குடித்தாள். கொஞ்சம் கசந்தது, அவசரத்தில் ருக்கியா தோலோடு அரைத்திருந்தாள். குடித்துவிட்டு, இடுப்பிலிருந்த டப்பாவை ஜெய்னம்புவின் கையில் கொடுத்து, "சவுதிப் பாதாம். ஒண்ணுகூடக் கடிக்கல. புள்ளைக்கு எண்ணெய் புழிஞ்சுக்கோங்கோ" என்று சொல்லி உள்ளே போனாள். மரம் மதிலைச் சுற்றிக்கொண்டு போய்க் கிணற்றடியில் தன் பழைய பள்ளத்தில் இறங்கி நின்றது.

சதக்கு பேசியது அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, யாருடைய போனிலோ. முதலாளி கடையை மூடிவிட்டானாம், விசா கிடையாதாம், பலபேர் தங்குகிற ஒரு அறையில் ஒளிந்து கிடந்தானாம், சொல்ல வெட்கமாக இருந்ததாம். இப்போது ஒரு பேரீச்சம்பழக் கடையில் வேலையாம். ருக்கியா அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். பிறகு போனை நாச்சி கையில் கொடுத்தாள். "உம்மா, நீ எப்படி அந்த வீட்டுல?" என்று கேட்டான் மகன். "மாப்பிள்ளையா வந்திரிக்கேன்," என்றாள் நாச்சி. "நீ இருமுனா மருந்து குடி."

ருக்கியாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஊர் எல்லாவற்றையும் செரித்துக்கொண்டது, செரிக்காமல் என்ன செய்யும்? பெண்பிள்ளை இல்லாத உம்மாமார் சிலர், மருமகள்களின் வாசலில் பாலுக்காக அல்ல, சும்மா அந்தப்பக்கமாக வந்ததாகச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். இசக்கி நிரந்தரமாக மதிலோரம் கூரை போட்டான். நாச்சி பேத்திக்குப் பாதாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள், கொட்டை தட்டினாள், ஜெய்னம்புவோடு சண்டை போட்டாள், கை நிறைய வேலை. அவளுக்கு எங்கே போகவும் தோன்றவில்லை. அவள் கால் முதன்முறையாகச் சும்மா இருந்தது.

அப்படியிருக்கையில் ஒரு சாயங்காலம், முற்றத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தவள் நிமிர்ந்து பார்த்தால், மரம் கிணற்றடியில் இல்லை. கொல்லைக் கதவருகே நின்றது. நாச்சி தன் மனசைத் தடவிப் பார்த்தாள். அது அங்கேயே இருந்தது, மடியில், எண்ணெய் வாசனையோடு. அவள் எதையும் நினைக்கவில்லை, யாரையும் தேடவில்லை. பிறகுதான் கதவைப் பார்த்தாள். ருக்கியா கதவுச் சட்டத்தில் தலையைச் சாய்த்து, வெளியே, கடல் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து அந்த வீட்டைவிட்டு எங்கும் போகாத பெண். மரம் அவளுக்குப் பின்னால், கிளையைத் தாழ்த்தி, காத்துக்கொண்டு நின்றது.

நாச்சி எழுந்தாள். பிள்ளையை ஜெய்னம்புவின் மடிக்கு மாற்றினாள். ஆணியில் தொங்கிய இரண்டு முக்காட்டுத் துணியை எடுத்தாள்.

"ஏளா, வா," என்றாள். "கடற்கரை வரைக்கும் போயிட்டு வருவோம். மரத்துக்குக் காத்தாடணும்."

ருக்கியா திடுக்கிட்டுத் திரும்பினாள். மரத்தைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். முகம் சிவந்துபோனது.

"மரத்துக்கா மாமி?"

"மரத்துக்குத்தான்," என்று சொல்லிவிட்டு நாச்சி செருப்பைத் தேடினாள்.